பட்டத்தின் விலை என்ன?

மான்குர்த் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்லூரி என்பது கனவு மட்டுமல்ல, கணக்கும்கூட. மதிப்பெண் எவ்வளவு வாங்கினாலும், எந்தப் படிப்பில் சேருவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது தாத்தா காலத்துக் காகிதம் ஒன்று.

தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடைக் கடைசியில் மான்குர்த் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மதிப்பெண் பட்டியல், ‘எல்.சி.’ என்று எல்லோரும் சொல்லும் பள்ளி விடுப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், மின்கட்டண ரசீது என்று எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று பிரதிகள். தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்த அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப அடிபடும் சொல் ‘தாக்லா’. மராத்தியில் சான்றிதழ் என்று பொருள். வருமானத்துக்கு ஒரு தாக்லா, ஜாதிக்கு ஒரு தாக்லா. மும்பைத் தமிழர்கள் இந்தச் சொல்லைத் தமிழாக்க மெனக்கெடுவதில்லை. அதைத் தேடி அலைவதிலேயே பொழுது போய்விடுகிறது.

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது லாபமா, நஷ்டமா என்ற கேள்வி இங்கே தத்துவ விசாரம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் நாளைக்கே பொருள் பட்டுவாடா செய்யும் வேலைக்கோ, வாஷியில் ஒரு கடைக்கோ போய்ச் சம்பாதிக்க முடியும். அவனை மூன்று ஆண்டு உட்கார வைத்துப் படிக்க வைத்தால் என்ன கிடைக்கும்? கேட்பவர்கள் கூலித் தொழிலாளிகள், இட்லி வியாபாரிகள், வீட்டுவேலை செய்யும் பெண்கள். அவர்கள் எதிர்பார்ப்பது நேரான பதில்.

கடைசி நிறுத்தம்

1992 மே மாதம் கடற்கழிமுகத்தைக் கடந்து வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கும்வரை, ஹார்பர் பாதையில் மான்குர்த்தான் கடைசி நிறுத்தம். நகரம் தனக்கு வேண்டாதவற்றை ஒதுக்கித் தள்ளிய மூலையும் இதுதான். பக்கத்து தேவ்னாரில் 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வந்தது. ரயில் பாதையோரக் குடிசைகளை அகற்றியபோது அங்கிருந்தவர்கள் லல்லுபாய் காம்பவுண்டு அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மாநகராட்சி வெளியிட்ட ‘மும்பை மனித வளர்ச்சி அறிக்கை 2009’, மான்குர்த் அடங்கிய எம் கிழக்கு வார்டுக்குக் கொடுத்த குறியீடு 0.05. மும்பையின் எல்லா வார்டுகளிலும் மிகக் குறைவானது அது.

இந்த வட்டாரத் தமிழர்களுக்கு இடம்பெயர்வது புதிதல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, அந்த மையத்துக்காக நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், காலி செய்யப்பட்டது. சுமார் 70,000 பேர் டிராம்பேயில் இன்றைய சீட்டா கேம்ப் இருக்கும் இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். பிற்காலத்தில் 2000ஆம் ஆண்டு மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்ற அவர், 2018இல் காலமானார். 2004 டிசம்பரில் தொடங்கிய குடிசை அகற்றலில் மான்குர்த்தின் பல பகுதிகள் தரைமட்டமாயின. அடுத்த ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரமே மூழ்கியது. புல்டோசரும் வெள்ளமும் அடித்துப் போனவற்றில் பாத்திரம் பண்டத்தை மறுபடி வாங்கிவிடலாம். தாத்தாவின் ரேஷன் கார்டை வாங்க முடியாது. கல்லூரிக் கணக்கில் அந்த கார்டுக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. அதற்கு முன்பு கணக்கையே பார்த்துவிடலாம்.

ஃபீஸ் மட்டும் செலவல்ல

கல்லூரிச் செலவு என்றதும் எல்லோரும் ஃபீஸைத்தான் நினைக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் 1960இல் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். படிக்கும் காலத்தில் சம்பாதிக்காமல் விட்ட பணமும் செலவுதான். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரிப் படிப்புகளின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதுவே என்றார். 1979இல் நோபல் பரிசு பெற்ற இந்த அறிஞர் சொன்னதை மான்குர்த்தின் தாய்மார்கள் யாரும் படித்ததில்லை. ஆனால் மாதக் கடைசியில் மளிகைக் கடன் கட்டும்போது அவர்களுக்கு அது தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கு போடலாம். தொகைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டாவது முடித்த பையனுக்கு வெளியே மாதம் 12,000 ரூபாய் சம்பளம் கிடைக்கிறது என்று வையுங்கள். மூன்று ஆண்டில் அது 4,32,000 ரூபாய். அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. அல்லது பி.காம். சேருகிறான். ஃபீஸ் ஆண்டுக்கு 8,000. ரயில் பாஸ், புத்தகம், இதரச் செலவு 12,000. மூன்று ஆண்டில் 60,000. ஆக மொத்தம் அந்தப் பட்டத்தின் விலை 4,92,000 ரூபாய். இதில் ஃபீஸ் வெறும் 24,000.

பட்டம் வாங்கிய பிறகு மாதம் 4,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், போட்ட முதல் திரும்பப் பத்து ஆண்டுக்கு மேலாகும். 8,000 கூடுதலாகக் கிடைத்தால் ஐந்து ஆண்டு சொச்சம். அதே பையன் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாங்கும் சுயநிதிப் படிப்பில் சேர்ந்தால் விலை 5,88,000 ஆகிறது. 4,000 ரூபாய் உயர்வில் அதை மீட்கப் பன்னிரண்டு ஆண்டு வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் படிப்பை விட்டுவிட்டாலோ, உதவி பெறும் கல்லூரியிலேயே 3,28,000 ரூபாய் போயிருக்கும்; கையில் பட்டம் இருக்காது. பாதியில் நின்ற படிப்பைப் போல் விலை உயர்ந்த படிப்பு வேறெதுவும் இல்லை.

இதையே வேறு விதமாகவும் போடலாம். காலை வகுப்புள்ள கல்லூரியில் சேர்ந்து, பிற்பகலில் பகுதிநேர வேலையில் மாதம் 6,000 சம்பாதித்தால் பட்டத்தின் விலை 2,76,000 ஆகக் குறைகிறது. ஃபீஸ் முழுவதையும் ரத்து செய்தால் மிச்சம் 24,000. பகுதிநேர வேலையால் மிச்சம் 2,16,000. அதாவது ஒன்பது மடங்கு. ஏழை மாணவனுக்கு ஃபீஸ் சலுகையைவிட வகுப்பு நேரம் முக்கியமாக இருக்கலாம் என்பதை இந்த நகரத்தில் முன்பே உணர்ந்தவர் அம்பேத்கர். பரோடா மன்னர் தந்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்த அவர், 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது திறந்த சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களும் படிக்க ஏதுவாகக் காலையில் வகுப்புகளை நடத்தியது.

பெண்கள் விஷயத்தில் இழந்த சம்பளத்தைக் கணக்கிடுவது இன்னும் சிக்கல். பெண் கல்லூரிக்குப் போனால் தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற சம்பளமில்லாத வேலைகள் அம்மாவின் தலையில் விழுகின்றன. அம்மா ஒரு வீட்டு வேலையை விட வேண்டி வரும். அந்த இழப்பு எந்தப் படிவத்திலும் வராது.

எந்தப் படிப்பு?

படிப்பு பயன் தருமா என்ற கேள்விக்கு உலகளவில் கிடைக்கும் விடை தெம்பூட்டுவதே. உலக வங்கிக்காக சக்காரோபுலோஸ், பாட்ரினோஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2018இல் தொகுத்த ஆய்வு, ஓர் ஆண்டுக் கூடுதல் படிப்பால் வருமானம் சராசரியாக 9 சதவிகிதம் உயர்வதாகச் சொல்கிறது. ஆனால் சராசரியை வைத்துச் சோறு வடிக்க முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் வெளியிட்ட ‘இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024’ இன்னொரு படத்தைக் காட்டுகிறது. 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவிகிதம் பேருக்கு வேலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் அது 3.4 சதவிகிதம்தான்.

இதைப் பார்த்துப் படிக்காமலே இருந்துவிடலாம் என்று முடிவு கட்டுவது தவறு. படிக்காதவனால் வேலையில்லாமல் இருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான். பட்டதாரி தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். எத்தனை மாதம் காத்திருக்க முடியும் என்பது வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. மாட்டுங்காவில் சொந்த ஃபிளாட் உள்ள வீட்டுப் பையன் ஓராண்டு காத்திருக்கலாம். மகாராஷ்டிரா நகரில் வாடகைக்கு இருப்பவன் மூன்றாம் மாதமே பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, பன்னிரண்டாவது முடித்தவனுக்குக் கிடைக்கும் அதே வேலையில் சேருகிறான்.

மொழியும் ஒரு செலவு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் பெரும்பாலான மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் தொடக்க, நடுநிலை வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு ஆங்கில வழி. கல்லூரியில் பாடமும் ஆங்கிலம், வளாகத் தேர்வில் நேர்முகமும் ஆங்கிலம். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர், பட்டம் என்பது அறிவுக்கான சான்று மட்டுமல்ல, வேலை கொடுப்பவர் ஆளைத் தரம் பிரிக்கப் பயன்படுத்தும் முத்திரையும்கூட என்று விளக்கினார். எல்லோரிடமும் முத்திரை வந்துவிட்டபின் அடுத்த சல்லடை ஆங்கிலம். மான்குர்த்திலிருந்து போகும் முதல் தலைமுறைப் பட்டதாரி அதில்தான் சிக்குகிறான்.

ஆகவே எல்லாப் பட்டமும் ஒன்றல்ல. செலவு குறைந்த பி.ஏ., பி.காம். படிப்புகளுக்கு வேலை நிச்சயம் குறைவு. வேலைக்கு ஓரளவு உத்தரவாதமுள்ள செவிலியர் படிப்பு, பொறியியல், மருந்தியல் ஆகியவற்றுக்குச் செலவு அதிகம். மும்பையின் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அரசின் ஃபீஸ் சலுகை பி.ஏ. மாணவனுக்குச் சில ஆயிரம்; பொறியியல் மாணவனுக்குச் சில லட்சம். அந்தச் சலுகை கிடைக்கும் பையன் பொறியியல் படிக்கிறான். கிடைக்காதவன், அதே மதிப்பெண் வாங்கியிருந்தாலும், பி.காம். படிக்கிறான். தாத்தாவின் ரேஷன் கார்டு முக்கியமாவது இங்கேதான்.

1950 ஆகஸ்டு 10

மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. வருமானம் அதைத் தாண்டினாலும் கல்வி, தேர்வுக் கட்டணங்களை அரசு ஏற்கும் ‘ஃப்ரீஷிப்’ திட்டம் உண்டு. 2024 ஜூலையில் மாநில அரசு இன்னொரு படி மேலே போனது. 8 லட்சம் ரூபாய்க்குள் வருமானமுள்ள, இதர பிற்படுத்தப்பட்ட, சமூக ரீதியாகப் பிற்பட்ட, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பெண்களுக்குத் தொழிற்படிப்புகளில் கல்வி, தேர்வுக் கட்டணங்களை முழுமையாக ரத்து செய்தது. இவை எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான்: மகாராஷ்டிர அரசு தந்த பிரிவுச் சான்றிதழ்.

அதை வாங்க, குடும்பம் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்பே இந்த மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு 1950 ஆகஸ்டு 10. பழங்குடியினருக்கு 1950 செப்டம்பர் 6. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. முதல் இரண்டும் குடியரசுத் தலைவர் பட்டியல்களை வெளியிட்ட தேதிகள். அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவுப்படி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. திருநெல்வேலியில் தாழ்த்தப்பட்டவராகக் கருதப்படுகிறவர் ரயிலேறி மும்பைக்கு வந்தால், மகாராஷ்டிரத்தின் கணக்கில் பொதுப் பிரிவு.

இந்தச் சட்ட நிலை உறுதியானதும் மும்பைக் கல்லூரி வாசலில்தான். ஆந்திரத்தின் தெனாலியைச் சேர்ந்த மர்ரி சந்திரசேகர ராவ் என்ற பழங்குடி மாணவர், தந்தையின் வேலை மாற்றத்தால் சிறு வயதிலேயே பம்பாய்க்கு வந்து அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்தவர். பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் மறுக்கப்பட்டதால் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி முதல்வரை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1990 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று தீர்ப்பளித்தது. 1994இல் மகாராஷ்டிரத்தில் குடியேறியவர்கள் சார்பில் வந்த வழக்கிலும், 2018இல் டெல்லி குடிநீர் வாரிய வழக்கிலும் அதே நிலை மீண்டும் உறுதியானது.

தீர்ப்புக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரு சமூகத்தின் பின்தங்கிய நிலை இடத்துக்கு இடம் மாறும். வெளியிலிருந்து வருபவர்கள் உள்ளூர்த் தாழ்த்தப்பட்டவர்களின் பங்கை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கவலை பொய்யல்ல. ஆனால் மான்குர்த்தில் பிறந்து, மராத்தியைப் பாடமாகப் படித்து, சொந்த ஊரைத் திருவிழாவுக்கு மட்டும் பார்த்த பெண்ணைக் ‘குடியேறியவர்’ என்று அழைப்பது எத்தனை தலைமுறைக்கு? 1950க்கு முன்பே தாராவித் தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்குத் தகுதி இருக்கலாம். காகிதம் வேண்டுமே. தாத்தா பள்ளிக்கூடம் போயிருந்தால்தான் அவருக்கு எல்.சி. இருக்கும், போயிருந்தால் அவர் தோல் தொட்டிக்கு ஏன் வருகிறார்?

சான்றிதழ் கிடைத்தாலும் தொழிற்படிப்புக்கு அது போதாது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆய்வுக் குழு தரும் ‘சரிபார்ப்புச் சான்றிதழ்’ ஒன்றும் வேண்டும். பணம் வருவதிலும் தாமதம் உண்டு. மான்குர்த்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடியது இந்தப் பிரச்சினைக்காகத்தான். மத்திய உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு விடுதி, உணவுக் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதே காரணம். முதலில் கட்டு, பிறகு அரசிடமிருந்து வாங்கிக்கொள் என்பது கையில் காசு உள்ளவனுக்கான ஏற்பாடு.

அங்கேயும் இல்லை

ஊருக்குத் திரும்பிப் படித்தால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம் மாணவியருக்கும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் அப்படியே. மான்குர்த்தில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை அங்கே வெளிமாநிலத்துப் பிள்ளை. இங்கே குடியேறிய பிள்ளை.

இத்தனைக்கும் நடுவில் திறந்திருக்கும் வழிகளும் உண்டு. தந்தையின் தமிழ்நாட்டு ஜாதிச் சான்றிதழை வைத்து, மும்பையில் பிறந்த பிள்ளைக்கும் ‘குடிபெயர்ந்தோர்’ சான்றிதழ் வாங்கலாம். மாநிலச் சலுகைகளுக்கு அது உதவாது. மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள், ரயில்வே, வங்கித் தேர்வுகள், பாபா அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் செல்லும். எந்த மையத்துக்காகத் தாத்தா வீட்டை இழந்தாரோ அங்கே பேரன் இந்தக் காகிதத்தோடு வேலைக்கு மனுப் போடலாம்.

பொதுப் பிரிவாகவே நிற்க நேர்ந்தாலும், வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ராஜர்ஷி சாகு மகராஜ் திட்டத்தில் தொழிற்படிப்புகளின் கல்விக் கட்டணத்தில் பாதியை மாநில அரசு தருகிறது. இதற்கு வேண்டியவை மகாராஷ்டிர இருப்பிடச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும். இருப்பிடச் சான்றிதழுக்கு 15 ஆண்டு வசித்த ஆதாரம் போதும். தேர்வு முடிவுக்குக் காத்திராமல் பிப்ரவரி, மார்ச்சிலேயே இவற்றை வாங்கி வைப்பது நல்லது.

பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் போவதும் குறைந்த வழியல்ல. டிப்ளமா முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். செம்பூர் உரத் தொழிற்சாலையும் மாஹுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் பயிற்சித் தொழிலாளர்களை உதவித்தொகையோடு எடுக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு மும்பைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. வங்கிக் கடன் 7.5 லட்சம்வரை பிணையில்லாமல் கிடைக்க விதி உண்டு. ஆனால் வேலை நிச்சயமில்லாத சுயநிதிப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன் மேலே போட்ட கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

ஆக, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்ற கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். எந்தப் படிப்பு? படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? கடைசிவரை முடிக்க முடியுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அனுப்பலாம், தாராளமாக அனுப்பலாம். பதில் இல்லையென்றால் பையனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அரசுகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஜாதிப் பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஆனால் கட்டணச் சலுகையை வருமானத்தை மட்டும் பார்த்துக் கொடுக்க மகாராஷ்டிரத்துக்கு எந்தப் பட்டியலும் தடையில்லை. வெளிமாநில அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரத் தமிழ்நாட்டுக்கும் தடையில்லை. எண்ணிக்கை பெரிதல்ல, செலவும் பெரிதல்ல. இரண்டு மாநிலங்களில் ஒன்றாவது இவர்களைத் தன் பிள்ளைகள் என்று சொன்னால் போதும்.